சம்மதம் தருமுன் கேளுங்கள்: ஐரோப்பிய தேசங்களின் பாராளுமன்றக் கமிட்டியினருக்கு ஒரு திறந்த மடல்

கனம் பொருந்திய அங்கத்தினர்களே,

பாதுகாப்பு மந்திரிகளுக்கு எழுதுவோர் அநேகர் இருக்கிறார்கள். தளபதிகளின் அபிப்பிராயத்தைக் கேட்பதற்கும் ஆட்கள் உண்டு. ஆனால், பாதுகாப்புக் கமிட்டியிலும் நிதிக் கமிட்டியிலும் அமர்ந்து, நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட கொள்முதல் கோப்புகளைப் புரட்டி, முடிவிலே ஆம் அல்லது இல்லை என்று சொல்லும் அதிகாரம் படைத்த உங்களை நோக்கி, உங்கள் தேசங்களில் வாழ்ந்து வரி செலுத்தி வாக்களிக்கும் சாமானியர்கள் நேராகப் பேசுவது அபூர்வம். ஜெர்மனியில் இரண்டரைக் கோடி யூரோவுக்கு மேற்பட்ட எந்தத் தளவாட ஒப்பந்தமும் பாராளுமன்றத்தின் நிதிக் கமிட்டியுடைய சம்மதமில்லாமல் நிறைவேறாது என்பது விதி. மற்ற தேசங்களிலும் முறைகள் மாறுபட்டாலும், பொக்கிஷத்தின் சாவி ஏதோ ஒரு வகையில் உங்கள் கையிலேதான் இருக்கிறது. ஆகவேதான் மந்திரிகளை விட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

பணம் இல்லை என்று சொல்லிவந்த காலம் போய்விட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைன்மீது ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பிறகு உங்கள் சபைகளில் வீசும் காற்றே மாறிவிட்டது. 2025 ஜூன் மாதத்தில் ஹேக் நகரில் கூடிய நேட்டோ மகாநாட்டில், 2035-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கைப் பாதுகாப்புக்கும் அதைச் சார்ந்த காரியங்களுக்கும் ஒதுக்குவதென்று உங்கள் அரசாங்கங்கள் உறுதி கூறின. அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே ஐரோப்பிய ஒன்றியம் ‘சேஃப்’ என்னும் திட்டத்தின் கீழ் 15,000 கோடி யூரோ கடன் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டது. எனக்குள்ள அச்சமெல்லாம் இந்தப் பெருந்தொகை பழைய வழியிலேயே பாய்ந்துவிடுமோ என்பதுதான். ஆளுக்கொரு வகையாக ஆயுதம் வாங்கும் வழக்கம், பணம் குறைவாக இருந்தபோது சிறிய தீங்காக இருந்தது. பணம் பெருகும்போது அத்தீங்கும் அதே அளவில் பெருகும். இன்று வாங்கப்படும் டாங்கியும் ஹெலிகாப்டரும் முப்பது நாற்பது ஆண்டுகள் படையில் இருக்கப்போகின்றன என்பதால், இந்த ஐந்தாறு ஆண்டுகளில் நீங்கள் செய்யும் பிழையைத் திருத்த உங்கள் பிள்ளைகளுக்குக்கூட அவகாசம் கிடைக்காது.

உக்ரைன் போர்முனையிலிருந்தே இதைப் பாருங்கள். நீங்கள் மனமுவந்து அந்தத் தேசத்துக்கு அனுப்பிய 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் மாத்திரம் பத்து வகை என்று 2024 செப்டம்பரில் முன்னாள் இத்தாலியப் பிரதமர் மாரியோ திராகி அளித்த அறிக்கை கூறுகிறது; சிலவற்றிலோ ஒரே வகைக்குள்ளும் வெவ்வேறு மாதிரிகள் இருந்தன. குண்டின் குறுக்களவு எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆயினும் குழல் நீளம் வேறு, வெடிமருந்து அறையின் கொள்ளளவு வேறு, குண்டை ஏற்றும் பொறி வேறு, எவ்வளவு கோணத்தில் எவ்வளவு மருந்திட்டால் குண்டு எங்கே விழும் என்று கணக்கிடும் பட்டியலும் வேறு. நேற்றுவரை ஒரு தேசத்தின் குண்டைச் சுட்டுப் பழகிய பீரங்கிக்காரன், இன்று லாரியில் வந்திறங்கும் பெட்டியைத் திறந்து, இது நம்முடைய பீரங்கிக்கு ஒத்துவருமா, ஒத்துவந்தாலும் குறி தப்பாமல் விழுமா என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. ஒன்று பழுதுபட்டால் அதன் உதிரிப் பாகம் பக்கத்துப் படையணியில் கிடைப்பதில்லை. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவனும் அங்கே இருப்பதில்லை. உங்கள் தேசங்களின் கிடங்குகளில் தனித்தனியே அடுக்கி வைத்திருந்தவரையில் கண்ணுக்குத் தெரியாதிருந்த ஒரு குறை, எல்லாம் ஒரே சேற்றில் வந்து சேர்ந்தபோது அம்பலமாயிற்று. நாளை உங்களுடைய படைகளே எஸ்தோனியாவிலோ லித்துவேனியாவிலோ தோளோடு தோள் நின்று போராட நேர்ந்தால், அதே பத்து வகைதானே உங்களுக்கும் வந்து வாய்க்கும்?

குண்டுகளின் கதையும் உங்களுக்குத் தெரியாததன்று. பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகளைப் பன்னிரண்டு மாதத்தில் தருவோம் என்று 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வாக்களித்தது. கெடு முடியும் வேளையில் ஏறக்குறையப் பாதியே கைகூடியிருந்தது. குண்டு செய்யும் ஆலை முதலாளியிடம் போய்க் கேட்டால் அவர் சொல்லும் பதில் எளிமையானது: நீண்ட கால ஒப்பந்தம் இல்லாமல் புதிய இயந்திரத்தை நான் எப்படி நிறுவுவேன், ஆறு தேசத்தார் ஆறு சிறு ஒப்பந்தங்களை நீட்டினால் யாருக்காக ஆளைச் சேர்ப்பேன் என்பார். அந்தப் பதிலில் சுயநலம் இருக்கலாம், நியாயமும் இருக்கிறது. வாக்குக் கொடுத்த ஓராண்டுக்குள் செக் தேசத்தின் ஜனாதிபதி ஐரோப்பாவுக்கு வெளியே குண்டு தேடிப் பணம் திரட்டும்படி ஆயிற்றென்றால், அந்தக் குறைக்கு ஆலைகளை மட்டும் நோவதில் பயனில்லை. ஆலைகளுக்கு உறுதியான ஒப்பந்தம் தராத அரசாங்கங்களையும், அந்த அரசாங்கங்களைத் தட்டிக் கேளாத உங்களையும் சேர்த்தே நோக வேண்டும்.

கூட்டாக வாங்குவதாகச் சொல்லிக்கொண்டே தனித்தனியாக வாங்கும் ஒரு விசித்திரம் உண்டே, அதைப்பற்றிச் சற்று விரிவாகப் பேச அனுமதிக்க வேண்டும். ஏனெனில் உங்களுடைய கையொப்பங்கள் பெரும்பாலும் அங்கேதான் ஏமாற்றிப் பெறப்படுகின்றன. என்.எச்.90 ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பல தேசங்கள் கூடி உருவாக்கிய பொதுவான யந்திரம் என்று பெயர்; ஆனால் அதில் இருபதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் பிறந்தன. வட ஐரோப்பிய தேசங்கள் நான்கும் ஒரே ஹெலிகாப்டரை வாங்குவதாகப் பேச்சைத் தொடங்கின; 2001-இல் முடிவெடுக்கும் சமயத்தில் டென்மார்க் விலகி வேறொன்றைத் தேர்ந்துகொண்டது. எஞ்சிய மூன்றில் சுவீடன், படைவீரன் உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று விரும்பி, 1.58 மீட்டர் உயரமுள்ள அறையை 1.82 மீட்டராக உயர்த்தித் தரச் சொல்லிற்று. உயரத்தைக் கூட்டினால் உடற்கூட்டை மாற்ற வேண்டும், எடைக் கணக்கை மாற்ற வேண்டும், பறந்து பார்த்துச் சான்று பெறும் சோதனைகளை மீண்டும் நடத்த வேண்டும். ஆண்டுகள் ஓடின. ஆப்கானிஸ்தானத்தில் காயமுற்ற வீரர்களைச் சுமந்து வர ஹெலிகாப்டர் உடனே வேண்டும் என்ற நிர்ப்பந்தம் 2011-இல் வந்தபோது, அதே சுவீடன் அமெரிக்காவிடம் பதினைந்து பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களை அவசரமாக வாங்கியது. அந்த ஹெலிகாப்டரின் அறைக்குள் வளர்ந்த மனிதன் எவனும் நிமிர்ந்து நிற்க இயலாது! நிற்காமலே போய், நிற்காமலே வந்து, ஏற்ற காரியத்தை அவர்கள் செவ்வனே முடித்தார்கள்.

நார்வேயின் கதை இன்னும் வருத்தத்திற்குரியது. 2001-இல் பதினான்கு ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தம் செய்த அந்தத் தேசம் 2008 முடிவுக்குள் எல்லாம் வந்து சேரும் என்று எதிர்பார்த்தது. 2022 ஜூன் மாதம் வரையில் முழுமை பெற்று வந்தவை எட்டே. பொறுமையிழந்த நார்வே ஒப்பந்தத்தையே முறித்து, ஹெலிகாப்டர்களைத் திருப்பித் தருகிறோம், பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தது. உற்பத்தியாளரின் தாமதமும், உதிரிப் பாகங்கள் கிடைக்காத தொல்லையும் இதற்குக் காரணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே யந்திரத்தை இருபது விதமாகச் செய்யச் சொன்னால் தாமதம் எப்படி நேராமல் போகும்? ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே பாகம் சேமிக்க வேண்டியிருக்கும்போது, வேண்டிய பாகம் வேண்டிய கிடங்கில் எப்படி இருக்கும்? ஒரே அடுப்பில் பொங்கச் சம்மதித்துவிட்டு ஆளுக்கொரு பானை கேட்ட குடும்பத்தில், உலை கொதிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இப்படிப்பட்ட தனி விருப்பங்கள் உங்கள் மேசைக்கு வரும்போது ‘தேசத்தின் பிரத்தியேகத் தேவை’ என்ற கம்பீரமான பெயரோடுதான் வருகின்றன. பின்லாந்தின் பனிக்கும் கிரேக்கத் தீவுகளின் உப்புக் காற்றுக்கும் ஒரே தளவாடம் பொருந்தாது என்பார்கள். சில சந்தர்ப்பங்களில் அது உண்மையும்கூட. ஆனால் உண்மையான தேவை எது, பழக்கத்தின் பிடிவாதம் எது, உள்ளூர்த் தொழிற்சாலையின் மறைமுக வேண்டுகோள் எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. அந்தப் பொறுப்பை நீங்கள் பல காலமாக நிபுணர்களிடம் விட்டுவிட்டீர்கள் என்பதே என் முதல் மனக்குறை.

தொழிற்சாலையைப்பற்றிச் சொன்னதால், அதையும் ஒளிக்காமல் பேசிவிடுகிறேன். உங்கள் தொகுதியில் ஆயிரம் பேருக்கு வேலை தரும் ஆலை ஒன்று இருக்குமானால் அதற்காக நீங்கள் வாதாடுவது குற்றமாகாது. வாதாடாவிட்டால்தான் வாக்காளர்கள் உங்களைக் கேட்பார்கள். ஆனால் யூரோஃபைட்டர் விமானம் பிரிட்டனில் வார்ட்டனிலும், ஜெர்மனியில் மாஞ்சிங்கிலும், இத்தாலியில் டுரின் அருகிலும், ஸ்பெயினில் ஹெட்டாஃபெயிலுமாக நான்கு இடங்களில் தனித்தனியே பூட்டப்படுகிறதென்றால், அந்த நான்கு கூடங்களுக்கும் ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கொடுத்த பணத்துக்குச் சரியாக அதே அளவு வேலை என் தேசத்துக்குத் திரும்ப வர வேண்டும், அதுவும் ஒவ்வொரு திட்டத்திலும் வர வேண்டும் என்ற கணக்குதான் இதற்கெல்லாம் வேர். 1996-இல் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன் ஆகிய நான்கு தேசங்கள் சேர்ந்து ‘ஓக்கார்’ என்னும் கூட்டுக் கொள்முதல் ஸ்தாபனத்தை நிறுவியபோது, இந்தக் கணக்கைத் திட்டத்துக்குத் திட்டம் பாராமல் பல ஆண்டுகளில் பல திட்டங்களின் மொத்தத்தில் பார்ப்போம் என்று விவேகத்தோடு ஒப்புக்கொண்டார்கள். இந்தத் திட்டத்தில் குறைந்தது அடுத்ததில் கூடும், இந்தப் பத்தாண்டில் விட்டது அடுத்த பத்தாண்டில் கிடைக்கும். எழுத்தில் இருக்கும் இந்த ஏற்பாட்டை நடைமுறையில் காக்க உங்களைத் தவிர வேறு காவலர் இல்லை.

விலகிப் போவதும் பிறகு திரும்பி வருவதும் இன்னொரு நோய். பாக்ஸர் கவச வாகனத்தை ஜெர்மனியோடு சேர்ந்து உருவாக்கத் தொடங்கிய பிரிட்டன், தனக்கு வேண்டியது வேறென்று சொல்லி 2003-இல் அத்திட்டத்தை விட்டுப் போயிற்று. பதினைந்து ஆண்டுகள் வேறு வழிகளைத் தேடி அலைந்த பின் 2018-இல் மீண்டும் அதே திட்டத்தில் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டில் 523 வாகனங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அந்த வாகனம் இல்லாமலே போருக்குப் போன பிரிட்டிஷ் வீரர்களிடம் இதற்கு யார் சமாதானம் சொல்வது? விலகுவதற்கு உங்கள் அரசாங்கம் வந்து சம்மதம் கேட்கும் நாளில், அதனால் மிச்சமாகும் தொகையைத்தான் முதற்பக்கத்தில் எழுதியிருப்பார்கள். வீணாகும் காலத்தைக் கணக்கிட்டு எழுதியவர்களை நான் கண்டதில்லை.

இதுவரை குறைகளையே சொல்லிவந்தேன். உங்களால் இயலாததை நான் கேட்கவில்லை என்பதற்கும் சாட்சிகள் உங்களிடமே உள்ளன. பெல்ஜியமும் நெதர்லாந்தும் தங்கள் கடற்படைகளை 1996 முதல் டென் ஹெல்டரில் ஒரே தலைமையின் கீழ் நடத்திவருகின்றன. கண்ணிவெடி தேடும் கப்பல்களைப் பராமரிக்கும் வேலை பெல்ஜியத்துக்கு. பெரிய போர்க்கப்பல்களைப் பராமரிக்கும் வேலை நெதர்லாந்துக்கு. புதிய கப்பல்கள் வாங்கும் காலம் வந்தபோதும் அதே வழியிலே நடந்தார்கள்: 2019-இல் கண்ணிவெடி தேடும் பன்னிரண்டு கப்பல்களுக்கு இரு தேசங்களுக்குமாகப் பெல்ஜியமே ஒப்பந்தம் செய்தது, ஆளுக்கு ஆறு, 2023-இல் நான்கு போர்க்கப்பல்களுக்கு இரு தேசங்களுக்குமாக நெதர்லாந்து ஒப்பந்தம் செய்தது, ஆளுக்கு இரண்டு. ஒரு தேசத்தின் பிரஜைகள் கொடுத்த வரிப்பணத்தை இன்னொரு தேசத்தின் அதிகாரிகள் பேரம் பேசிச் செலவழிக்கிறார்கள்; இதனால் பெல்ஜியத்தின் சுதந்திரம் குன்றிவிட்டதென்றோ, நெதர்லாந்தின் கொடி தாழ்ந்துவிட்டதென்றோ யாரும் சொல்லக் கேட்டதில்லை. இவர் கப்பலில் பழுது நேர்ந்தால் அவர் கிடங்கிலுள்ள பாகம் பொருந்துகிறது. அவர் மாலுமி இவர் கப்பலில் ஏறினால் கருவிகள் எல்லாம் கைக்குப் பழக்கமாக இருக்கின்றன. கூட்டுக் கொள்முதலின் பிரயோசனத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் அறிக்கை ஒன்றும் எழுதப்பட வேண்டியதில்லை.

நெதர்லாந்தின் ஐந்தோவனிலுள்ள விமானத் தளத்தையும் நினையுங்கள். வானிலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் ஏ330 விமானங்களை 2016-இல் நெதர்லாந்தும் லக்ஸம்பர்க்கும் சேர்ந்து வாங்கத் தொடங்கின. பின்னர் ஜெர்மனி, நார்வே, பெல்ஜியம், செக், 2025-இல் டென்மார்க், சுவீடன் எல்லாம் வந்து சேர்ந்தன. விமானங்கள் எவருக்கும் தனிச் சொத்தாக இல்லை. எத்தனை மணி நேரம் வேண்டுமோ அத்தனை மணி நேரத்தை ஒவ்வொரு தேசமும் வாங்கிக்கொள்கிறது. போர்விமானம் ஒன்றேனும் இல்லாத லக்ஸம்பர்க் தன் நட்புத் தேசங்களின் போர்விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டுகிறது! ஹங்கேரியில் பாப்பா என்னும் ஊரில் பன்னிரண்டு தேசங்கள் மூன்று பெரிய சரக்கு விமானங்களை இதே விதமாகப் பங்கிட்டுக்கொண்டு 2009 முதல் நடத்திவருகின்றன. தனியே ஒன்றையும் வாங்கச் சக்தியில்லாத சிறிய தேசங்களுக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய துணை!

1975-இல் பெல்ஜியம், டென்மார்க், நெதர்லாந்து, நார்வே ஆகிய நான்கும் ஒன்றுகூடி எஃப்-16 விமானத்தைத் தேர்ந்து, 348 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நான்கு தேசங்களும் சேர்ந்தே அவற்றைப் புதுப்பித்தன, சேர்ந்தே பயிற்சி செய்தன. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, 2023-இல், அந்த நான்கு தேசங்களும் தங்கள் விமானங்களை உக்ரைனுக்கு அளிக்க முன்வந்தபோது, எங்கிருந்து வந்தாலும் ஒரே விமானம் என்பதால், உக்ரைனிய விமானி ஒருமுறை கற்றது நான்கு தேசத்து விமானத்துக்கும் போதுமானதாயிற்று. பீரங்கியில் பத்து வகையை அனுப்பிய அதே ஐரோப்பாதான் இதையும் செய்தது.

அது அமெரிக்க விமானமல்லவா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஐரோப்பாவின் ஆயுதம் ஐரோப்பாவிலேயே செய்யப்பட வேண்டும் என்ற ஆவலில் எனக்கும் முழுப் பங்குண்டு. ‘சேஃப்’ கடனில் வாங்கும் பொருளின் மதிப்பில் நூற்றுக்கு 65 பங்கேனும் ஐரோப்பாவிலிருந்தோ உக்ரைனிலிருந்தோ வர வேண்டும் என்ற விதியை நான் வரவேற்கிறேன். ஆனால் எங்கே வாங்குவது என்ற வழக்கைத் தீர்க்கும்வரை எப்படி வாங்குவது என்பதைத் தள்ளிவைக்காதீர்கள். ஐரோப்பாவிலேயே செய்த ஆயுதங்கள் பன்னிரண்டு வகையாக இருந்தால், ஆலைகள் சிறுத்து, விலை உயர்ந்து, கடைசியில் வெளியே வாங்கும் நிர்ப்பந்தமே வந்து சேரும். ஒன்றுபோல் வாங்குவோர் பலர் இருந்தால்தான் உள்ளூர் ஆலையும் தழைக்கும். பின்லாந்து உருவாக்கிய ஆறு சக்கரக் கவச வாகனத்தை வாங்கும் கூட்டில் லாட்வியாவும் சேர்ந்ததால்தானே, லாட்வியாவின் வால்மியேராவில் அதைப் பூட்டும் ஆலை ஒன்று எழுந்தது? பெரிய தேசங்களின் ஆலைகளே எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று சிறிய தேசத்தார் அஞ்சுவதில் நியாயம் உண்டு; அந்த அச்சத்துக்கு மருந்து, கூட்டுக்குள் வந்து தம் பங்கைக் கேட்டுப் பெறுவதே.

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. தளவாடச் செலவில் நூற்றுக்கு 35 பங்கை மற்ற தேசங்களோடு சேர்ந்து செலவழிப்போம் என்று 2007-இலேயே உங்கள் மந்திரிகள் ஒப்பினார்கள்; 2021-இல் அது 18-ஆக இருந்தது. 2030-க்குள் 40 என்று 2024-இல் ஐரோப்பியக் கமிஷன் புதிய இலக்கு வைத்தது. பழைய இலக்கின் பாதியளவிலேயே நின்றவர்களை யாரும் கேள்வி கேட்கவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் நீங்கள்.

ஆதலால் என் வேண்டுகோளைத் தெளிவாக வைக்கிறேன். அடுத்த கொள்முதல் கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, இதே பொருளை நட்புத் தேசங்களில் யார் வைத்திருக்கிறார்கள், நம்முடையது அவர்களுடையதிலிருந்து எந்தெந்த விதத்தில் மாறுபடுகிறது, அந்த மாறுதலைக் கேட்டவர் யார், அதனால் எவ்வளவு பணமும் எத்தனை மாதமும் கூடுகின்றன என்று கேளுங்கள்; எழுத்து மூலமான பதில் வரும்வரை சம்மதம் தராதீர்கள்; ரகசியத்துக்கு உரியதை நீக்கி அந்தப் பதிலைப் பிரசுரியுங்கள். நண்பரோடு சேர்ந்து செய்த ஒப்பந்தத்தை உங்கள் அரசாங்கம் பின்னால் மாற்ற விரும்பினாலோ, எண்ணிக்கையைக் குறைக்க விரும்பினாலோ, அதனால் மற்றவருக்கு நேரும் செலவு முழுவதையும் தானே ஏற்கும்படி முதலிலேயே விதி எழுதச் செய்யுங்கள். வாங்குவதோடு நின்றுவிடாமல், உதிரிப் பாகமும் பராமரிப்பும் குண்டும் அந்தத் தளவாடத்தின் ஆயுள் முழுவதும் ஒரே கிடங்கிலிருந்து, ஒரே கணக்கில் வரும்படி வற்புறுத்துங்கள்; அதற்கு ஓராண்டுப் பட்ஜெட் போதாது, பல ஆண்டுகளுக்குப் பணத்தை உறுதி செய்யும் துணிவு வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, கூட்டாக வாங்கும் தேசங்களின் கமிட்டிகளைச் சேர்ந்த நீங்கள், வாக்களிப்பதற்கு முன்னால், பிரஸ்ஸல்ஸிலோ பானிலோ ஒரே மண்டபத்தில் ஒருநாள் கூடி, ஒரே கோப்பை ஒன்றாகப் படியுங்கள். உங்கள் நிபுணர் உங்களிடம் ஒன்றும், அவர்கள் நிபுணர் அவர்களிடம் வேறொன்றும் சொல்லியிருப்பதை அன்றைக்கே கண்டுகொள்வீர்கள்.

இதற்குப் புதிய உடன்படிக்கை எதுவும் வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலுள்ள இருபத்தேழு தேசத்தின் சம்மதத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கமிட்டியும் தன் நடைமுறை விதிகளில் ஒரு பத்தியைச் சேர்த்தால் போதும். அடுத்த வரவுசெலவுத் திட்டம் உங்கள் முன் வருவதற்குள் அந்தப் பத்தியைத் தீர்மானமாக நிறைவேற்றும்படி உங்களை மிக்க பணிவோடும், அதைவிட மிக்க கவலையோடும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் வாக்காளருள் ஒருவன்